கேசட்டுக்குள் ஒன்றுமில்லை

அத்தியாயம் ஆறு

“காலி. சுத்தமா காலி. உள்ளே ஒண்ணுமே இல்லை” என்று சொல்லிவிட்டு ராமபத்ரன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய காப்பகத்து ஆபீஸில் தலைக்கு மேல் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“ஒண்ணுமில்லாததைத் திருட்டுக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க. முதல் கேஸு சார் இது” என்றான் ராஹில்.

பாகீரதி அவனை முறைத்தாள். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் மாட்டுங்காவில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அவளுடைய முறைப்புக்கு மேனேஜர்களே பயந்திருக்கிறார்கள். ராஹில் மட்டும் பயந்ததில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்த மேலப்பாளையத்துக் குடும்பத்துப் பையன், வாய்க்குப் பூட்டு கிடையாது. அவனை வேலைக்குச் சேர்த்த நாளிலிருந்து வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் ஓடிப்போயிருந்தார்கள்.

மேஜை மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை கிடந்தது. முன்பெல்லாம் டிவியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டிக்குக் கேசட் என்று ஒன்று விற்பார்களே, அதன் உள்ளே இருக்கும் பலகை. மேல்கூடு போய் வெகுநாளாகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு கறுப்பு சிப். சிப்பின் முதுகில் நகத்தளவு தோல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

“இதைப் பண்ணின மன்சூர் அலி தாராவியிலே வீடியோ கேம் கடை வச்சிருந்தவர். மத்தவா எல்லாம் வெளிநாட்டு ஆட்டத்தைத் திருட்டுக் காப்பி போட்டு வித்துண்டிருந்த காலத்திலே, இந்த மனுஷன் சொந்தமா ஒரு ஆட்டம் எழுதியிருக்கார். பேரு ‘மழைக்கு முன்’. ஒருத்தன் தலையிலே தோல் கட்டைச் சுமந்துண்டு தாராவிச் சந்திலே ஓடறான். பின்னாலேயே மழை துரத்திண்டு வர்றது. கட்டு நனையப்படாது. அவ்வளவுதான் ஆட்டம். உலகத்திலே ஒரே ஒரு பிரதி, இந்த சிப்புக்குள்ளே. அவர் போனப்புறம் அவரோட சம்சாரம் சாயிரா வச்சிருந்தா.”

“இப்போ உங்க கிட்ட” என்றாள் பாகீரதி.

“வெறும் சிப்பு என் கிட்ட! மே மாசம் அவா வீட்டுக்குப் போய் நானே கண்ணாலே பார்த்தேன். டிவியிலே ஆட்டம் ஓடித்து. இந்த மாசம் குடும்பமே வந்து மரியாதையாக் குடுத்துட்டுப் போச்சு. முந்தாநாள் எங்க இன்ஜினியர் திறந்து பார்த்தா, அப்பத்தான் கடையிலேர்ந்து வாங்கின மாதிரி வெறுமையா இருக்கு. மாத்திட்டா. வேறென்ன?”

ராமபத்ரன் ரிட்டயர்டு வங்கி அதிகாரி. திலக் நகரில் மூடிக்கிடந்த ஒரு வங்கிக் கிளையை வாடகைக்குப் பிடித்து, நண்பர்களின் நன்கொடையில் ‘செம்பூர் ஆட்டக் காப்பகம்’ நடத்துகிறார். லாக்கர் அறையில் இப்போது பழைய வீடியோ கேம் பெட்டிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கண்ணாடிக் கூண்டு, எல்லாவற்றுக்கும் பித்தளைப் பெயர்ப்பலகை. தொட்டு ஆடிப் பார்க்க ஒன்றுகூட வைக்கவில்லை.

“மாத்தினது யாருன்னு தெரியுமா?”

“அதிலே சந்தேகமே இல்லை. மன்சூர் அலியோட பிள்ளை சைஃப். மொபைல் ரிப்பேர் பண்றவன். போன் போட்டு அதட்டினேன், கொஞ்ச நேரத்திலே அவனே திரும்பக் கூப்பிட்டு ஒத்துண்டான். நிஜ சிப்பை தாணேயிலே யாருக்கோ வித்துட்டானாம். அந்த வாங்கினவனை நீங்க கண்டுபிடிக்கணும். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே தகவல் வரலைன்னா அந்தப் பையன் மேலே போலீஸ் கம்ப்ளெயின்ட் குடுத்துடுவேன்.”

ராஹில் இதற்குள் மொபைலில் எதையோ பிடித்துவிட்டான். “மேடம், சாரு மே மாசமே இன்டர்நெட்டுல ஸ்டார் ஆயிட்டாரு.”

மன்சூர் அலி வீட்டில் ராமபத்ரன் தன்னைத்தானே எடுத்துப் போட்டுக்கொண்ட வீடியோ. திரை முழுக்க அவர் முகம், வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் டிவியில் உலகத்தின் ஒரே பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர் தலை மறைத்தது போக மிச்சம் ஒரு மூலைதான் தெரிந்தது. படத்தில் வராத ஓர் இளைஞனின் குரல் கேட்டது: “சார், என்கிட்ட மெஷின் இருக்கு. இப்பமே ஒரு காப்பி எடுத்துரவா? அஞ்சு நிமிஷ வேலை.” ராமபத்ரன் திரும்பிப் பார்க்காமலே, “இரு இரு. அதெல்லாம் மேடையிலே பண்ணணும். பெரிய மனுஷா கையாலே பண்ணினாத்தான் மரியாதை” என்கிறார்.

“இன்னொரு தடவை போடு” என்றாள் பாகீரதி.

ராஹில் போட்டான். அவள் ராமபத்ரனைப் பார்க்கவில்லை, அந்த மூலையைத்தான் பார்த்தாள். ஓடுகிறவனின் தலை மேலிருந்த கட்டு துண்டு துண்டாகச் சிதறித் தெரிந்தது. எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும் துடித்துக்கொண்டிருந்தன.

“இது ஏன் இப்படி இருக்கு?”

“பழைய டிவி. அவா வீட்டிலே வேறெப்படி இருக்கும்?” என்றார் ராமபத்ரன்.

பாகீரதிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இந்தத் தொழிலில் கோபத்துக்குத் தனியாகக் கூலி கிடையாது என்பதால் அடக்கிக்கொண்டாள். பலகையை அதோடு வந்த தோல் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில், ஒரு ஜூஸ் கடைக்கும் சூட்கேஸ் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் சைஃபின் கடை இருந்தது. பின்பக்கம் சுருட்டி வைத்த பாயும் தலையணையும் தெரிந்தன.

“கடைக்கே குடி வந்துட்டியாப்பா? வாடகை மிச்சம்” என்றான் ராஹில்.

சைஃப் சிரிக்கவில்லை. முப்பது வயதிருக்கும். ஷேவ் செய்து சில நாள் ஆகியிருந்தது. பாகீரதி யார் என்று சொன்னதும் அவனே ஆரம்பித்தான்.

“நாந்தான் எடுத்தேன் மேடம். வித்துட்டேன். சார்ட்ட சொல்லிட்டனே.”

“யார் கிட்ட வித்தே?”

“தாணேல ஒரு ஆளு.”

“பேரு?”

“கேக்கல.”

“எங்கே வச்சுக் குடுத்தே?”

“ஸ்டேஷன்ல.”

“ஆளு எப்படி இருப்பான்?”

“நார்மலா இருப்பான்.”

“தாணே ஸ்டேஷன்ல நார்மலா ஒருத்தன்” என்று ராஹில் தலையாட்டினான். “சலோ மேடம், அடுத்த ஸ்லோ டிரெயின்ல போய் அள்ளிட்டு வந்துரலாம்.”

பாகீரதி பலகையை எடுத்து சைஃபின் மேஜை விளக்குக்குக் கீழே வைத்தாள். “நிஜ சிப்பைக் கழட்டிட்டு இந்தப் புது சிப்பை வச்சது நீதான். எப்போ?”

“போன மாசம்.”

அவள் தோல் துண்டை நகத்தால் நெம்பி உரித்தாள். அடியில் சிப்பின் முதுகில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதைச் சுற்றிப் பசை. தோல் வேலைக்காரர்கள் சொல்யூஷன் என்று சொல்வார்களே, அந்த ரப்பர் பசை. அது ஒரு பூச்சாக இல்லை. வெளி ஓரத்தில் காய்ந்து கருத்துப் போன கறை, அதற்கு உள்ளே செம்பழுப்பு, அப்புறம் மஞ்சள், ஜன்னலை ஒட்டி இன்னும் பிசுபிசுப்பாக ஒன்று. துண்டை ஒவ்வொரு தடவையும் கையால் வெட்டி ஒட்டியதால் ஒன்றின் ஓரம் மற்றதோடு பொருந்தாமல் நின்றது.

“இத்தனை தடவை உரிச்சு உரிச்சு ஒட்டியிருக்கு. கருத்துப்போன பசைக்கு உன் வயசிலே பாதி இருக்கும்போலிருக்கே. இதுவா போன மாசம் வச்ச சிப்பு?”

சைஃப் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். “பழைய சிப்பு ஒண்ணு வாங்கி வச்சேன்.”

“வாங்கின சிப்பிலேயும் உங்க வீட்டு சொல்யூஷனா?”

அவள் கண்ணாடி ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். “சிப்புக்கு எதுக்கு ஜன்னல்? அதை எதுக்குத் தோலாலே மூடணும்?”

“வெளிச்சம் படக்கூடாதுன்னு.”

“பட்டா?”

ராஹில் மொபைலில் தட்டிப் படித்தான். “பழைய டைப் சிப்பாம் மேடம். எழுதினதை அழிக்கிறதுக்குன்னே அந்த ஜன்னலாம். அழிக்க தனி விளக்கு இருக்குமாம். விளக்கு இல்லாட்டாலும் பரவால்ல, நல்ல வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா...”

“நாந்தான் வெயில்ல வச்சேன்” என்றான் சைஃப், அவன் முடிப்பதற்குள். “அழிக்கணும்னுதான் வச்சேன். எழுதிக்கோங்க.”

“ஏன் அழிச்சே?”

“வாப்பா மேல கோவம்.”

“இப்பத்தானே வித்துட்டேன்னே?”

“ரெண்டும் செஞ்சேன்.”

“அழிச்சதை வித்தானாம், வித்ததை அழிச்சானாம்” என்றான் ராஹில். ஆனால் அவன் குரலிலேயே சுருதி இறங்கியிருந்தது.

பாகீரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நான் பார்க்காத திருடனா? திருடன் ஒரு பொய்யைக் கெட்டியாப் பிடிச்சுண்டு கடைசி வரைக்கும் அதிலேயே நிப்பான். எந்தப் பழியை நீட்டினாலும் நீ கை நீட்டி வாங்கிக்கறே. யாருக்காகப்பா?”

சைஃப் எதிரே இருந்த மொபைலை எடுத்தான், வைத்தான். பிறகு கை கூப்பினான். “மேடம், கம்ப்ளெயின்ட் குடுக்கட்டும். உள்ள தூக்கிப் போடட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. கேஸ் கல்லாஸ், முடிஞ்சு போச்சு. நீங்க உம்மாட்ட மட்டும் போவாதீங்க.”

பாகீரதி எழுந்துவிட்டாள். எங்கே போக வேண்டும் என்பதை அவனே சொல்லிவிட்டான்.

*

சந்துக்குள் இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. சாயிரா தையல் மெஷினில் பர்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் கைப்பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கணவர் இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, அந்த வீட்டில் சோறு வெந்தது தோல் தைத்த கூலியில்தான்.

“அவன் பேர எங்கிட்ட எடுக்காதீங்கம்மா” என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். “வாப்பா உசிரா வச்சிருந்த சாமான வித்துத் தின்னுட்டான். செவிட்டுல ஒண்ணு குடுத்து, இனி இந்த வீட்டு ஏணில கால வைக்காதேன்னுட்டேன். போலீசு வந்து கூட்டிட்டுப் போவட்டும்.”

“சாச்சி, பையன் கடையிலதான் படுத்துக் கிடக்கான். சாப்பாடும் சரியில்ல போல” என்றான் ராஹில். தாராவிக்காரனுக்கு எந்த வீட்டிலும் நுழைந்ததும் ஓர் உறவு கிடைத்துவிடும்.

“கெடக்கட்டும்” என்றாள். ஆனாலும் அடுப்புப் பக்கம் அவள் பார்வை ஒரு நிமிஷம் போய்விட்டு வந்தது.

பாகீரதி பலகையை உறையோடு எடுத்து அவள் மடியில் வைத்தாள். “நான் அவனைப் பத்திக் கேக்க வரலை. ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இத்தனை வருஷம் இதை எப்படி இவ்வளவு பத்திரமா வச்சிருந்தேள்?”

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. காப்பகத்துக்காரர்கள் வந்தார்கள், மன்சூர் அலி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், யாரிடம் கற்றார் என்றெல்லாம் கேட்டார்கள். சாயிராவிடம் டீ மட்டும் கேட்டார்கள். இப்போது அவள் முகம் மலர்ந்துவிட்டது. மெஷினை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“தோலு வச்சிருக்கவங்களுக்கு மழைக்காலந்தாம்மா சத்ரு. நாலு மாசம் இந்த ஈரத்துல கெடந்தா பூசணம் பிடிச்சு எல்லாம் வெள்ள வெள்ளயாப் போயிரும். அதுனால மழை விட்டதும் இந்தச் சந்துல எல்லாரும் ஒரே வேலையா, தோலு, பையி, செருப்பு, அம்புட்டையும் தகரத்து மேல போட்டு வெயில் காட்டுவோம். அப்பதான் இதையும் எடுப்பேன்.”

“இதையுமா?”

“பின்ன? இதுலயும் தோலு இருக்குல்லா. பூசணம் மொதல்ல அந்தத் துண்டுலதான் பிடிக்கும். அத உரிச்சுக் கடாசிட்டு, பலகைய நல்லா வெயில்ல காயப் போட்டு, சாயந்தரம் புதுசா ஒரு துண்டு வெட்டி ஒட்டிருவேன். எங்க வீட்டுக்காரவுக மௌத்தான வருஷத்துலேருந்து, ஒரு வருஷம் தப்புனதில்ல. இங்க பாருங்க, ஒரு பொட்டு துரு இருக்கா?”

இல்லைதான். பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. காப்பகத்தின் கூண்டுகளுக்குள் இருந்த எதுவும் இவ்வளவு சுத்தமாக இல்லை.

“இந்த வருஷமும் வச்சேளா?” பாகீரதிக்குத் தன் குரலே பிடிக்கவில்லை.

“இந்த வருஷம் ம்யூசியத்துக்குப் போற பொருளாச்சே! சும்மா விடுவேனா? ஒரு வாரம் முழுக்க வெயில் காட்டுனேன். காக்கா கொத்திட்டுப் போயிரும்னு பக்கத்துலயே முக்காடு போட்டு உக்காந்திருந்தேன்.”

ராஹில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயிரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏம்மா? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா? முந்தாநாத்து சைஃபும் இதே மாதிரிதான் நின்னான். ம்யூசியத்துலேருந்து போன் வந்துச்சுன்னு ஓடியாந்தான். உம்மா, இத வெயில்ல வச்சியான்னு கேட்டான். ஆமான்னேன். தோல உரிச்சிட்டா வச்சேன்னான். ஆமால, பின்ன பூசணத்தோடவா வைப்பாவன்னேன். என் கையவே பாத்துக்கிட்டு நின்னான். பொறவுதான், நான் அத வித்துட்டேன் உம்மான்னு...”

அவள் கண் மடியிலிருந்த பலகைக்குப் போனது.

இப்போது பொய் சொல்ல பாகீரதிக்கு அவகாசம் இருந்தது. ஏதாவது ஒரு தாணேக்காரனைக் கையில் கொடுத்துவிட்டு ஏணி இறங்கிவிடலாம். அப்படிச் செய்தால் சாயங்காலம் சைஃப் லாக்கப்பில் இருப்பான். அவன் தாய் அவனை ஆயுசுக்கும் திருடன் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள்.

“வெயில் பட்டா என்னாகும்?” என்று சாயிராவே கேட்டாள்.

“அதுக்குள்ளே எழுதியிருக்கறது அழிஞ்சுடும்” என்றாள் பாகீரதி. “அந்தத் தோல் துண்டு வெயில் படாம இருக்கத்தான். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிண்டிருந்திருக்கு. மே மாசமே பாதி உதிர்ந்து போயிருந்தது. இந்த வருஷம் மிச்சமும் போயிடுத்து. சைஃப் எதையும் எடுக்கலை.”

சாயிரா அழவில்லை. மடியிலிருந்த பலகையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுக ஒரு நாளும் இத வெயில்ல வச்சதில்ல” என்றாள் கடைசியில். “மூலைல போட்டு மூடி வச்சிருப்பாவ. இந்த மனுசனுக்குச் சூதானமே கெடயாதுன்னு நான் ஏசுவேன். மௌத்தானப் பொறவும் ஏசிக்கிட்டேதான் இதக் காயப் போட்டேன்.”

பாகீரதியின் மொபைல் அடித்தது. அழைத்தவர் ராமபத்ரன்.

“என்ன பாகீரதி, தாணே ஆசாமி ஆப்டானா?”

“தாணேயிலே யாரும் கிடையாது. திருட்டே கிடையாது. சிப்பு மே மாசமே சாகக் கிடந்திருக்கு, உங்க வீடியோ மூலையிலேயே தெரியறது. இப்போ முழுசாப் போயிடுத்து.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “அப்போ பெயர்ப்பலகையிலே, குடும்பத்தார் சரியாப் பராமரிக்காததாலே அழிந்ததுன்னு ஒரு வரி போட்டுடறேன். காப்பகத்துக்குக் கெட்ட பேர் வரப்படாது பாருங்கோ.”

“போடுங்கோ” என்றாள் பாகீரதி. குரல் தணிந்திருந்தது. ராஹில் அவளைத் தெரிந்தவன், இரண்டடி தள்ளி நின்றான். “போட்டா, அந்தப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்திலே உங்க வீடியோவைப் பெரிய டிவியிலே ஓட விடறதுக்கு நானே வரேன். அஞ்சு நிமிஷத்திலே காப்பி எடுக்கறேன்னு சைஃப் கெஞ்சறான். வேண்டாம், பெரிய மனுஷா வரணும்னது உங்க குரல். அன்னிக்கு எடுத்திருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும். காப்பகம் நேரத்திலே நகல் எடுக்கத் தவறிடுத்துன்னு எழுதுங்கோ. அது நிஜம்.”

ராமபத்ரன் நிறைய இருமினார். பிறகு, கம்ப்ளெயின்ட் இல்லை என்றார். நகல் எடுக்கத் தவறியது என்ற வரியையும் விழுங்கிக்கொண்டார். விழாவுக்கு ஏதாவது வேண்டுமே என்ற கவலை மட்டும் அவரை விடவில்லை. “அந்த அம்மா கிட்ட ஆட்டம் எப்படி இருந்ததுன்னு கேட்டு ரெக்கார்டாவது பண்ணிண்டு வாங்கோளேன். பக்கத்திலேயே இருந்தவாளாச்சே.”

அறை சின்னது, அவர் குரல் பெரியது. சாயிராவின் காதிலும் அது விழுந்தது.

“நான் பாத்ததே இல்லையேம்மா” என்றாள். “அவுக டிவி முன்னால உக்காந்தா நான் இந்தப் பக்கம் திரும்பி மெஷின் மிதிச்சிட்டிருப்பேன். மழை சத்தம் மாதிரி ஒண்ணு வரும், கேட்டிருக்கேன். இங்கன வந்து பாரு சாயிரான்னு கூப்பிடுவாவ. பையி தைக்க நீங்களா வருவீங்கன்னு கேப்பேன். திரும்பிப் பாத்ததில்ல.”

பாகீரதி இணைப்பைத் துண்டித்தாள்.

சாயிரா எழுந்து முகம் கழுவினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு ராஹிலிடம் மொபைலை வாங்கி, மகன் நம்பரைத் தானே அழுத்தினாள். “சைஃபு, நாந்தான். சோறாக்குதேன். வா.” அவ்வளவுதான் பேசினாள்.

மொபைலைத் திருப்பிக் கொடுத்தவள் பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலுவாக இருந்தது. “அவன் வாரதுக்குள்ள நீங்க போயிரணும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியக் கூடாது. ம்யூசியக்காரன் லேட்டாக்குனான், அதுவாக் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான் உம்மாட்ட சொன்னேன்னு சொல்லிருங்க.”

“அது பொய்யாச்சே.”

“அவன் சொன்னது மட்டும் என்னவாம்?” என்றாள் சாயிரா. “உம்மா வேதனப்படுவான்னு பிள்ள திருடன் பட்டம் வாங்கிக்கிட்டான். இப்பம் நான் வேதனப்படுதேன்னு தெரிஞ்சா, அவன் பட்ட அடி வீணாப் போயிராதா?”

*

ஏணிக்குக் கீழே சைஃப் எதிர்ப்பட்டான். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது.

“உம்மா கூப்பிட்டுச்சு. நீங்க... சொல்லிட்டீங்களா?”

பாகீரதி இருபது வருஷம் எழுதிய ரிப்போர்ட்டுகளில் நடந்ததைத் தவிர ஒரு வரி எழுதியதில்லை. அதனாலேயே பிரமோஷன் போனது, அதைப் பற்றி அவளுக்குப் பெருமைகூட உண்டு.

“இல்லை” என்றாள். “காப்பகத்துக்காரா தாமதம் பண்ணினதாலே சிப்பு தானாக் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். அப்புறம் பையன் ஏன் வித்துட்டதாச் சொன்னான்னு கேட்டா. சார் அதட்டினதிலே பயந்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“நம்பிருச்சா?”

“நம்பிட்டா.”

சைஃப் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். சிரித்தான். அப்படிச் சிரித்தபோது அவன் பத்து வயது குறைந்து தெரிந்தான். “தேங்ஸ் மேடம். தெரிஞ்சா தாங்காது அது. அந்தப் பலகைதான் அதுக்கு வாப்பா மாதிரி.” ராஹிலின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஏணியில் தடதடவென்று ஏறினான்.

பாகீரதியும் ராஹிலும் சந்தில் நின்றார்கள். மேலே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சாயிராவின் குரல் எப்போதும் போலக் கணீரென்று வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“உக்காருல. கையக் கழுவுனியா? மூஞ்சி ஏன் இப்படிக் கருத்துக் கெடக்கு, வெயில்லயா அலைஞ்ச?”

வெயில் என்ற வார்த்தையோடு அவள் பேச்சு அறுந்தது. ராஹில் ஏதாவது சொல்வானென்று பாகீரதி காத்திருந்தாள். அவன் தலை குனிந்து ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். மேலே யாருமே சாப்பிடுகிற சத்தம் கேட்கவில்லை.